ஏஜென்ட் படிக்கும் அந்த நாலைந்து வரிகள்: பண்ணைப் பதிவேட்டை ஏஐயோடு இணைத்துப் பயன்படுத்திய அனுபவம்

ஃபார்ம்ஓஎஸ் பதிவேட்டை ஏஐ ஏஜென்ட்டோடு (நாம் கேட்பதற்கேற்பத் தானே கருவிகளை இயக்கிப் பதில் சொல்லும் ஏஐ நிரல்) இணைக்கும் எம்சிபி சர்வர் ஒன்றை, ஒரு விதைப்பிலிருந்து அடுத்த விதைப்பையும் தாண்டி, அன்றாட வேலைக்கே பயன்படுத்தி வருகிறேன். அதன் கருவிகளுக்கு, அதாவது ஏஜென்ட் அழைக்கக்கூடிய செயல்களுக்கு, விளக்கம் எழுதுவதும் திருத்துவதும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஏஜென்ட் பண்ணையைப் பற்றிச் சரியாகப் பதில் சொல்வதற்கு, எந்த ஏஐ மாடல் என்பதைவிட, ஒவ்வொரு கருவிக்கும் நாம் எழுதிவைக்கும் நாலைந்து வரிகள்தான் முக்கியம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: ஃபார்ம்ஓஎஸ், ட்ரூபல் என்ற இணையதள மென்பொருள் மீது கட்டப்பட்ட திறந்த மூலப் பண்ணைப் பதிவேடு. வயல், பயிர், மாடு, டிராக்டர் எல்லாம் அதில் 'அசெட்'. விதைப்பு, அறுவடை, உரமிடுவது, கால்நடை மருத்துவம் போன்ற நிகழ்வுகள் 'லாக்'. எம்சிபி என்பது ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட முறை. ஏஜென்ட் கேட்டதும் சர்வர் தன் கருவிகளின் பட்டியலைக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற வடிவம் இருக்கும். எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை ஏஜென்ட் முக்கியமாக இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

எனக்கு மிகவும் கவலை தந்தது வெற்றுப் பதில். 'இந்த வயலில் கடைசியாக எப்போது மருந்து அடித்தோம்?' என்று கேட்டால் ஏஜென்ட் லாக்குகளைத் தேடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'மருந்து அடிக்கவில்லை' என்று அடித்துச் சொல்லிவிடும். பதிவு இல்லாததும் மருந்து அடிக்காததும் ஒன்றா? அடித்தவர் எழுதாமல் விட்டிருக்கலாம். வேறு வகை லாக்கில் எழுதியிருக்கலாம். வயலின் பெயரில் இல்லாமல் பயிரின் பெயரில் ஏற்றியிருக்கலாம். பூச்சிமருந்து அடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளிலேயே இருக்கிறது. மருந்து கொடுத்த மாட்டின் பாலுக்கும் அப்படித்தான். இதில் வரும் தவறு, அந்த விளைச்சலைச் சாப்பிடுகிறவர்வரை போகும். அதனால் விளக்கத்தில் இப்படிச் சேர்த்தேன்: 'ஒன்றும் கிடைக்காவிட்டால் பதிவு இல்லை என்று மட்டும் சொல், நடக்கவில்லை என்று சொல்லாதே. எந்தத் தேதிகளுக்குள், எந்த வகை லாக்கில் தேடினாய் என்பதையும் பதிலில் குறிப்பிடு.' அதற்குப் பிறகு வந்த பதில்களை நம்பி மேற்கொண்டு விசாரிக்க முடிந்தது. வேறு எதைச் சுருக்கினாலும் இந்த வரியை விடாதீர்கள்.

அடுத்தது பாதிப் பட்டியல். ஃபார்ம்ஓஎஸ் தரவைக் கொடுப்பது ட்ரூபலின் ஜேசன் ஏபிஐ வழியாக, அதாவது மற்ற மென்பொருள்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல் வழியாக. அது ஒரு பக்கத்துக்கு 50 பதிவுகளுக்கு மேல் தராது, மிச்சத்துக்கு அடுத்த பக்கத்தின் இணைப்பைக் கொடுக்கும். நான் பயன்படுத்தும் சர்வர் ஆரம்பத்தில் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது, அதை எங்கும் சொல்லவும் இல்லை. அறுவடை மொத்தத்தைக் கேட்டால் ஏஜென்ட் கையில் கிடைத்ததைப் பிசகில்லாமல் கூட்டி, குறைவான எடையைச் சொன்னது. கூட்டல் சரியாக இருப்பதால் இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படாது. இப்போது 'இன்னும் பக்கங்கள் உள்ளன' என்ற குறிப்பு பதிலோடு வருகிறது. அதைப் பார்த்தால் கூட்டக் கூடாது, மீதியைக் கேட்க வேண்டும் என்று விளக்கமும் சொல்கிறது.

அளவுகளிலும் கவனம் வேண்டும். ஃபார்ம்ஓஎஸ்ஸில் அலகுகளைப் பண்ணையாரே உருவாக்கிக்கொள்ளலாம். கிலோ இருக்கும், கூடையும் இருக்கும். ஒரு கூடை எத்தனை கிலோ என்று ஏஜென்ட் ஊகிக்க விடக் கூடாது. வயலின் எல்லைப் புள்ளிகளுக்கும் அப்படித்தான்: தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் முடிந்தது.

மாடுகளின் இருப்பிடம் கொஞ்சம் நுட்பமானது. ஃபார்ம்ஓஎஸ்ஸில் இடம் மாறக்கூடிய ஓர் அசெட் எங்கே இருக்கிறது என்பதை நேரடியாக எழுதுவதில்லை, லாக்குகளிலிருந்து கணக்கிடுவார்கள். 'இடமாற்றம்' என்று குறிக்கப்பட்டு, 'முடிந்தது' நிலையில் உள்ள, வருங்காலத் தேதி இல்லாத கடைசி லாக்தான் செல்லும். ஏஜென்ட் 'மந்தையைக் கிழக்கு மேய்ச்சலுக்கு மாற்று' என்பதைக் கேட்டு, நிலுவையில் ஒரு லாக் எழுதிவிட்டு 'மாற்றிவிட்டேன்' என்கிறது. வரைபடத்தில் மந்தை பழைய இடத்திலேயே நிற்கிறது. உள்ளீட்டு வடிவத்தை எவ்வளவு கச்சிதமாக எழுதினாலும் இந்த விதி அதில் தெரியாது. வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், விளக்கம் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பொதுவாகக் கருவிகளின் விளக்கம் முழுவதும் ஒவ்வொரு உரையாடலோடும் மாடலுக்குப் போகிறது. லாக் வகைகளின் முழு அட்டவணையை எம்சிபியின் 'ரிசோர்ஸ்' பகுதிக்கு (வேண்டும்போது மட்டும் எடுத்துப் படிக்கும் தகவல்) மாற்றிவிட்டு, தவறான முடிவைத் தடுக்கும் வாக்கியங்களை மட்டும் விளக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அனுமதி விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். எம்சிபியில் ஒரு கருவி வெறும் வாசிப்புக்கானதா, தரவை அழிக்கக்கூடியதா என்று குறிப்பு வைக்கலாம். 2025 மார்ச் பதிப்பில் வந்த வசதி அது, அவசியம் எழுதுங்கள். ஆனால் அது குறிப்புதான், பூட்டு அல்ல. பூட்டு ஃபார்ம்ஓஎஸ்ஸின் பயனர் உரிமையில் இருக்கிறது. பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தால், விளக்கத்தில் எது விட்டுப்போனாலும் பதிவேடு பத்திரம்.

வாசிப்புக்கு இந்த இணைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பழைய மண் பரிசோதனை முடிவுகளையும் அந்த வயலின் விளைச்சலையும் ஒன்றாக எடுத்துப் பார்ப்பது இவ்வளவு சுலபமாக முன்பு இருந்ததில்லை. எழுதுவதற்கு இன்னும் முழுச் சுதந்திரம் கொடுக்கவில்லை. எழுதும் உரிமையை வேறொரு கணக்கில் வைத்து, வேண்டும்போது மட்டும் இயக்குகிறேன். அதிலும் ஏஜென்ட் எழுதும் லாக் எல்லாம் நிலுவையில் நிற்கும், வயலில் வேலை செய்தவர் பார்த்துத்தான் 'முடிந்தது' ஆக்குகிறார்.