பாலையூற்றுக் கராச்: டர்போவைக் கழற்றாமலே நீலப் புகையை நிறுத்திய நானா

திருகோணமலையில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) உள்ள கார் வைத்திருந்து, ஒயில் குறைகிறதே, பின்னால் நீலமாகப் புகைக்கிறதே என்று கவலையோடு ஓடித் திரிகிறவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எனக்கு இது மூன்று மாதக் கவலை. 140,000 ரூபாவுக்கு ரிகண்டிஷன் டர்போ ஒன்றுக்குச் சொல்லி, முற்பணம் கட்டப் போகிற நிலையில் இருந்தேன். கடைசியில் 31,000 ரூபாவோடு முடிந்தது, அதிலும் பாதிக்குக் கிட்ட புது ஒயிலுக்கும் பில்டருக்கும் போனதுதான்.

கார் ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி டர்போ, 92,000 கிலோமீற்றர் ஓடியது. வீடு உப்புவெளி, வேலை டவுனில், ஆகவே காலையில் நாலைந்து கிலோமீற்றர், பின்னேரம் நாலைந்து கிலோமீற்றர், மாதத்தில் ஒருநாள் கந்தளாய். இவ்வளவுதான் அதன் ஓட்டம். இந்தக் குறுகிய ஓட்டம்தான் பிறகு முக்கிய விஷயமாக வந்தது.

புகை எப்போதும் வராது. பாடசாலை வாசலில் பிள்ளைக்காக எஞ்சினை நிறுத்தாமல் ஏசியோடு பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு அக்சிலரேட்டரை மிதித்தால், பின்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர் முகத்தை மூடுகிற அளவுக்கு ஒரு நீலப் புகை, அதாவது ஒயில் எரிகிற புகை. அப்புறம் ஒன்றுமில்லை. முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஸ்கானரைச் செருகினார்கள், பிழைக் குறி எதுவும் வரவில்லை. ஒயில் எரிவதை நேராகப் பார்க்கிற சென்சர் என்று எஞ்சினில் ஒன்றும் இல்லை, அதனால் ஸ்கானர் பேசாமல் இருந்ததில் அதிசயமில்லை. பிறகு டர்போவில் இருந்து, அது தள்ளுகிற சூடான காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸைக் கழற்றினார்கள், உள்ளே ஒயில் தேங்கி நின்றது. டர்போ சீல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒயிலைக் கண்ணால் பார்த்த பிறகு நான் என்ன சொல்ல?

கிண்ணியாவில் இருக்கிற நண்பன் ஒருவன்தான், காசைக் கொடுக்க முதல் எங்கள் ஊர் நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பாலையூற்றில் கராச் வைத்திருக்கிறார், அவரிடம் ஒருதடவை காட்டு என்றான். கண்டி வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் தகரக் கூரையோடு ஒரு கொட்டில். பெயர்ப்பலகை கூடக் கிடையாது. நானா உடனே பொனட்டைத் திறக்கவில்லை. முதல் கேள்வி, “தம்பி, 1000 கிலோமீற்றருக்கு எவ்வளவு குடிக்குது?” எனக்குத் தெரியவில்லை. குறையக் குறைய ஊற்றினேன், அவ்வளவுதான். “அளக்காம நான் எதை வெச்சுப் பார்க்கிறது?” என்று சொல்லி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நின்று பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஒயில் விட்டு, கிலோமீற்றரைக் குறித்துத் தந்து, 500 ஓடிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மூதூருக்கும் கந்தளாய்க்கும் என்று வேண்டுமென்றே ஓடி 500ஐ நிரப்பிக்கொண்டு போனேன். மேல் கோட்டுக்குக் கொண்டுவர 380 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. மூன்று லீற்றர்கூடப் பிடிக்காத எஞ்சினுக்கு இது அதிகம் என்றார்.

இரண்டாம் தடவை காரை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் நான் வந்த பிறகு, என் கண் முன்னால் ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை. வால்வ் சீல் தேய்ந்திருந்தால் இரவு முழுக்க ஒயில் வால்வ் தண்டு வழியே கசிந்து இறங்கி, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நீலப் புகை வரும் என்று விளங்கப்படுத்தினார். அடுத்தது பிளக்குகள். மூன்றையும் கழற்றி ஒரு கடதாசியில் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி, லேசான ஒயில் கறையோடு. இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஒரு சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் போயிருந்தால் அந்த ஒரு பிளக்தான் மோசமாக இருக்கும், மூன்றிலும் சமமாக ஒயில் இருந்தால் அது சிலிண்டர்களுக்குப் பிரிந்து போக முதலே காற்றோடு கலந்து வருகிறது என்றார். சூடான எஞ்சினில் கம்பிரஷனும் (சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம்) பார்த்தார், மூன்றுக்கும் இடையில் 5 பிஎஸ்ஐ கூட வித்தியாசம் இல்லை. ஆனால் கம்பிரஷன் நன்றாக இருக்கிறது என்பதற்காக ரிங் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதே, ஒயிலை வழிக்கிற கீழ் ரிங் காபன் பிடித்து இறுகியிருந்தாலும் கம்பிரஷன் சரியாகவே காட்டும் என்றும் சொல்லி வைத்தார்.

பிறகுதான் டர்போ பக்கம் வந்தார். அதே ஹோஸ், அதே ஒயில். இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது அரைத் தேநீர்க் கோப்பை அளவு வந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் விரலால் டர்போவின் தண்டைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் புறமும் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு, அது இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தண்டு ஒயில் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. உள்ளே வெளியே அசைவு தெரியவில்லை. இறக்கைகள் எங்கும் உரசவும் இல்லை. “டர்போ ஒழுகுது, அது உண்மை. ஏன் ஒழுகுதெண்டு பார்க்க வேணும்.”

எஞ்சினை ஐடிலில் (அக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டினார். சாதாரணமாக அது லேசாக உள்ளே இழுபட வேண்டும். என்னுடையது மெல்ல மெல்ல ஊதி நிமிர்ந்து நின்றது.

அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எந்த எஞ்சினிலும் கீழே இறங்கும். அதை வெளியே எடுத்துத் திரும்ப எரிக்க இரண்டு வழி உண்டு. ஐடிலில் பிசிவி என்கிற ஒருவழி வால்வ் வழியாக, எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இன்டேக் அதை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ அழுத்தம் ஏறும்போது பிசிவி மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த அழுத்தம் எஞ்சினுக்குள்ளேயே போய்விடும், அப்போது வாயு மற்ற ஹோஸ் வழியாக டர்போ காற்றை இழுக்கிற வாய்ப்பக்கம் போகும். என் காரில் பிசிவி வால்வ் பசை மாதிரியான கறுப்பு அழுக்கில் இறுகி மூடியபடியே நின்றது. குலுக்கினால் சத்தம் வர வேண்டும், வரவில்லை. மற்ற ஹோஸ் ஒயிலில் ஊறி இளகி, உள்ளேயும் அழுக்குப் படிந்து பாதி அடைபட்டிருந்தது. ஆகவே வாயு போக வழியில்லாமல் எஞ்சினுக்குள் அழுத்தம். டர்போவுக்கு ஒயில் பம்பின் அழுத்தத்தோடு மேலே வருகிறது, ஆனால் திரும்பிப் போவது தன் பாரத்தில் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்கு வடிந்துதான். கீழே அழுத்தம் இருந்தால் வடியாது, தேங்கும். தண்டின் இரு முனையிலும் இருப்பது சின்ன இரும்பு வளையங்கள், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற இடத்தில் ரப்பர் சீல் நிற்காது. அந்த வளையங்கள் தேங்கி நிற்கிற ஒயிலைத் தடுக்கிறதற்கு உள்ளவை அல்ல. பாடசாலை வாசலில் பத்து நிமிடம் நின்றபோது தேங்கியதுதான் மிதித்தவுடன் புகையாகப் போனது. இதைக் கவனிக்காமல் புது டர்போ போட்டிருந்தால் அதுவும் இதே மாதிரி ஒழுகியிருக்கும்.

அந்த அழுக்கு வந்த காரணம் என் ஓட்டம். நாலைந்து கிலோமீற்றரில் ஒயில் நன்றாகச் சூடேறாது, அதில் சேர்கிற ஈரமும் பெற்றோலும் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு சேர்ந்து சேறாகிவிடும். ஒயில் மாற்றுவதை 5000க்கு மேல் இழுக்காதே, வாரத்தில் ஒருநாளாவது நிலாவெளி தாண்டி ஒரு நீண்ட ஓட்டம் ஓடு, ஓடிவந்த சூட்டோடு உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் விட்டு நிறுத்து என்றார். வேறு அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

வேலை: புது பிசிவி வால்வ், இரண்டு ஹோஸ், டர்போவின் வடிகுழாயைக் கழற்றிக் காபன் எடுத்து புது காஸ்கெட், இன்டர்கூலர் கழுவல், 5டபிள்யூ-30 ஒயில், பில்டர். இதில் பரிசோதனைக்கு மட்டும் 4,000 எடுத்தார். அந்தக் காசை மனமாரக் கொடுத்தேன். ஒரு ஸ்பனரைத் தொட முதல் இவ்வளவு நேரம் யோசிக்கிற ஆளுக்கு அது போதாது என்றுகூடத் தோன்றியது. முதல் இரண்டு மூன்று நாள் புகை வரும், சைலன்சரில் கிடக்கிற பழைய ஒயில் எரிந்து முடிய வேண்டும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது. இப்போது 3,000 கிலோமீற்றர் ஆகிறது. 1000க்கு 100 மில்லிலீற்றருக்குக் கிட்டக் குறைகிறது. பாடசாலை வாசல் புகை நின்றுவிட்டது. இந்த வருடப் புகைப் பரிசோதனையும் முதல் தடவையிலேயே சரி வந்தது. மிச்ச 100 மில்லிலீற்றர் அந்தக் கீழ் ரிங்காக இருக்கலாம், கூடினால் மட்டும் வா என்கிறார்.

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிசிவி வால்வ் கொழும்பில் இருந்து வர 9 நாள் ஆகும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம், நான்தான் தினமும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொலைபேசி எடுக்க மாட்டார். எழுத்தில் பில் கிடையாது, கேட்டால் கடதாசித் துண்டில் எழுதித் தருவார். காத்திருக்க நிழல் என்று ஒன்றில்லை, மதியத்தில் தகரத்தின் கீழ் நிற்க முடியாது, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவசரமாகக் கார் வேண்டும் என்கிறவர்களுக்கும் இது சரிவராது.

போவதென்றால் காலை எட்டு மணிக்கே போங்கள். வெள்ளிக்கிழமை 12 மணிக்குப் பூட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனால் இரண்டரைக்குத்தான் திரும்ப வருவார். போக முதல் ஒயிலை மேல் கோட்டுக்கு நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்து, 500 ஓடி, எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்.