பூட்டு எண்ணைக் கேட்காத கடை: யாழ். நகரில் ஒரு கைத்தொலைபேசித் திருத்தகம்

அம்மாவின் கைத்தொலைபேசி கிணற்றுக்கட்டில் இருந்து சீமெந்துத் தரையில் விழுந்ததில், திரையின் மேற்பாதி தொடுகைக்கு அசையாமல் போய்விட்டது. படம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பூட்டைத் திறக்க முடியவில்லை. அதைத் திருத்துவதற்காக யாழ். பேருந்து நிலையத்தில் இருந்து கஸ்தூரியார் வீதிப் பக்கமாக நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு சிறு கடைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டுமே அங்கு வேலை செய்கிறார்கள். ஆட்கள் கூடினால் தம்மால் ஈடுகொடுக்க முடியாது என்று சொல்லி, கடையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அங்கே பார்த்தவற்றை விரிவாகவே எழுத விரும்புகிறேன். எந்தக் கடையிலும் இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

இதை இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு ஒரு பழைய அனுபவம் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்னுடைய போனின் சார்ஜ் ஏற்றும் துவாரம் பழுதாகி, நகரில் வேறொரு கடையில் கொடுத்தேன். ஒன்பது புள்ளிகள் அச்சிட்ட ஒரு சிறு ஸ்டிக்கரை நீட்டி, பூட்டைத் திறக்கும் கோட்டை அதில் வரையச் சொன்னார்கள். வரைந்து கொடுத்தேன். அதைப் போனின் முதுகில் ஒட்டி, அதேபோல முதுகில் கோடு வரைந்த வேறு பத்துப் பன்னிரண்டு போன்கள் கிடந்த பிளாஸ்ரிக் கூடைக்குள் போட்டார்கள். சார்ஜ் துவாரத்தை மாற்றுவதற்குப் பூட்டு எதற்கு என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. ஒரு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் தற்செயலாகத் திறந்தபோது, நான் போனைக் கொடுத்த அதே நாளில் ஒரு கணினி இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். 2021இல் வந்த மாற்றத்துக்குப் பின்னர், அவ்வாறு இணைத்த கணினி நமது போன் இணையத்தில் இல்லாத நேரத்திலும் தனியாகவே இயங்கும். கனடாவில் இருக்கும் தங்கைக்கு நான் எழுதியவை, அம்மாவின் கிளினிக் துண்டுகளின் படங்கள் எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒருவர் ஏழு நாட்கள் வாசித்திருக்க முடியும். வாசித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இணைப்பை உடனே நீக்கினேன். மனதில் இருந்த கூச்சம் நீங்க நாளெடுத்தது.

எனவே இந்தக் கடையில் மேசைமீது போனை வைத்ததும், எண்ணைக் கேட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவது என்ற முடிவோடுதான் நின்றேன். உரிமையாளர் லாச்சியில் இருந்து ஒரு குட்டை வயரையும் சாதாரணக் கணினி மௌஸ் ஒன்றையும் எடுத்தார். ஓ.டி.ஜி. என்று சொல்லப்படும் அந்த வயரின் ஒரு முனையைப் போனில் செருகி, மறுமுனையில் மௌஸைப் பொருத்தியதும், உடைந்த திரையின்மேல் ஒரு சிறிய அம்புக்குறி தோன்றியது. மௌஸை என் பக்கம் தள்ளிவிட்டு, “நம்பரைச் சொல்லாதேங்கோ அக்கா, நீங்களே அடியுங்கோ” என்று கூறி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார். உடைந்த கண்ணாடிக்குக் கீழே அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினேன், பூட்டுத் திறந்தது.

அதன் பின்னர் அவர் செய்வித்த வேலைதான் இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதற்காரணம். அம்மாவுடையது சாம்சுங் போன். அமைப்புகளில் மின்கலம், சாதனப் பராமரிப்பு ஆகியவை உள்ள பகுதியில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் போன் அணைந்து மீண்டும் எழும்பும். எழும்பியதும் புதிதாக வாங்கிய போன்போல வெறுமையாக இருக்கும். படங்கள், குறுஞ்செய்திகள், தொடர்பு இலக்கங்கள், நாம் பதிந்த செயலிகள் எதுவும் கண்ணுக்குப் படாது. திருத்துபவர் கமெரா, ஒலிபெருக்கி, தொடுகை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். பழைய நிலைக்குத் திரும்ப உரிமையாளரின் பூட்டு எண் வேண்டும். சாம்சுங் இதை 2022இல் முதலில் கொரியாவில் அறிமுகப்படுத்தியது. கூகுளின் பிக்சல் போன்களுக்கு 2023 இறுதியில் இதையொத்த வசதி வந்தது. எல்லாப் போன்களிலும் இல்லை என்றாலும், இருக்கும் போனில்கூட இதைப் பயன்படுத்தச் சொல்லும் கடையை நான் இதற்கு முன்னர் கண்டதில்லை. இந்த வசதி இல்லாத போன் என்றால், வாடிக்கையாளரை அருகில் இருத்தி வைத்து வேலை செய்வதாகவும், அப்படி இருக்க முடியாதவர்களிடம் முழுவதையும் பிரதி எடுத்து அழித்துவிட்டுத் தரும்படி கேட்பதாகவும் சொன்னார்.

அடுத்ததாக சிம் அட்டையைக் கழற்றி, சிறு கடதாசி உறைக்குள் போட்டு என்னிடமே தந்தார். “பாங்க் நம்பர் எல்லாம் இதுக்குத்தானே வரும். உங்களோடையே கொண்டுபோங்கோ” என்றார். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அங்கே போய்ச் சேரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சிம்முக்கும் தனியாக ஒரு பின் எண் போடலாம். போட்டால், அட்டையை எந்தப் போனில் செருகினாலும் அந்த எண்ணைக் கேட்கும். அதை இயக்குவதற்கு முதலில் சிம்மோடு வந்த பழைய பின் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் அச்சிடப்பட்டிருந்த அட்டை அம்மாவிடம் இல்லை. ஊகித்து அடித்துப் பார்ப்போம் என்று நான் சொன்னபோது உரிமையாளர் மறுத்துவிட்டார். மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க 8 இலக்கப் பி.யு.கே. எண் வேண்டும்; அதையும் பத்துத் தடவை பிழையாக அடித்தால் சிம் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும். சேவை நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டு வரும்படி சொன்னார். மறுநாள் அப்படியே செய்தோம்.

திரையைப் பொறுத்தவரை இரண்டு விலைகள் சொன்னார். மலிவானதைப் போட்டால், இந்த மாதிரியில் திரைக்கு அடியில் இருக்கும் விரல்ரேகை உணரி வேலை செய்யாமல் போகலாம் என்பதை அவர் தாமாகவே முதலில் சொன்னார். விரல்ரேகை இல்லாவிட்டால் அம்மா எண் அடிக்கப் பஞ்சிப்பட்டுப் பூட்டையே எடுத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் விலை கூடியதையே எடுத்தோம். கொழும்பில் இருந்து திரை வருவதற்கு மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களும் தங்கையின் அழைப்பு வராமல் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

2002இல், சமாதான காலத்தில், வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புக்காகக் கொமினிக்கேசன் என்று நாம் சொல்லும் தொலைபேசிக் கடையில் வரிசையில் காத்திருந்தது நினைவுக்கு வருகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா எவ்வளவு மெதுவாகப் பேசினாலும், வெளியே வாங்கில் இருந்தவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை முழுவதும் கேட்கும். மாமாவுக்கு எவ்வளவு காசு வந்தது, யாருக்குக் கலியாணம் பேசியிருக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு அன்றே தெரிந்துவிடும். அதே கதைகள் இன்று கைக்குள் அடங்கும் ஒரு கருவிக்குள் இருக்கின்றன. திருத்துபவரின் மேசைக்கு அவை போகும்போதும் மறைவாகவே இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

பாவித்த போன்களும் இங்கே விற்பனைக்கு இருக்கின்றன. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள, *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்த்து, வந்த பதிலை வாங்குபவருக்குக் காட்டிய பின்னரே காசு வாங்குகிறார். முன்னைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்படாத போனைத் தாம் வாங்குவதே இல்லை என்றும் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. பற்றுச்சீட்டு கையால் எழுதியது. ஒரு மாத உத்தரவாதத்தை நான் கேட்ட பிறகே அதில் எழுதிக் கையொப்பமிட்டார். நண்பகலில் அறிவித்தல் இல்லாமல் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். கொக்குவிலில் இருந்து வெயிலுக்குள் வந்த எனக்கு அது வருத்தமாக இருந்தது. இவற்றைவிடப் பெரிய குறை மேசைமீது திறந்து கிடக்கும் கொப்பி. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், போனின் மாதிரி என எல்லாம் வரிவரியாக எழுதப்பட்டு, அடுத்து வருபவர் எவரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. பூட்டு எண்ணைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும் ஒருவருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

கடந்த கிழமை என்னுடைய போனின் பற்றரியை மாற்றுவதற்காக மீண்டும் போயிருந்தேன். கொப்பி அதே இடத்தில்தான் இருந்தது; எனக்கு முன்னர் வந்த பெண்ணின் இலக்கத்தை நின்ற இடத்தில் இருந்தே வாசிக்க முடிந்தது. “தம்பி, இதை மூடி வைக்கக் கூடாதா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என் பெயரை எழுதி முடித்ததும் கொப்பியை மூடி, மௌஸ் இருந்த லாச்சிக்குள் வைத்தார்.