ஒத்தச் சக்கரத்தோடு ஐந்து வருடம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு உள்ளே இடமில்லை. நான் ஒற்றைச் சக்கர சைக்கிள் வாங்கிய புதிதில், ஒருநாள் அந்தத் தடுப்பின் ஓரமாகப் புகுந்து காந்தி சிலை பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். ஆனால் எனக்கு அப்போது நிறுத்தத் தெரியாது. அவரைத் தாண்டி நாலடி போய்ப் பொத்தென்று குதித்தேன். சைக்கிள் தனியாக உருண்டு ஒரு சுண்டல் வண்டியில் போய்ச் சாய்ந்தது.

"என்னா சார் இது, வண்டியா?"

"சைக்கிள் மாதிரிதான் சார்."

"மாதிரியா? மீதி சக்கரம் எங்க?"

கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டி என்றால் உள்ளே விடக் கூடாது, வண்டி இல்லை என்றால் தடுக்கவும் முடியாது. கடைசியில் "சரி, ஓட்டாம தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். இதில் தள்ளுவதற்கு ஹேண்டில்பார் ஏது? சீட்டைப் பிடித்து, முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுத்துப் போவதுபோல முத்தியால்பேட்டை வரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

என்னிடம் இருப்பது 24 அங்குலச் சக்கரம். 2020 கடைசியில், ஊரடங்கு அலுப்பில் ஆன்லைனில் வாங்கியது. ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் பழகினேன். சுவரை விட்டுவிட்டுப் பத்து மிதி மிதிக்க 42 நாள் ஆயிற்று. சின்ன வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்ள இதில் பாதி நாள்கூட ஆகவில்லை. உடம்பு எடையைப் பெடலில் போடாமல் சீட்டில் போட வேண்டும் என்பது மண்டையில் ஏறுவதற்கே ஒரு மாதம் போய்விட்டது.

பார்க்கிறவர்கள் பக்கவாட்டில் விழுந்துவிடுவோம் என்றுதான் நினைக்கிறார்கள். அது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினால் சக்கரம் சாயும் பக்கம் போய்த் தாங்கிக்கொள்ளும். ஆபத்து முன்னாலும் பின்னாலும்தான். விளக்குமாற்றை உள்ளங்கையில் நட்டமாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை ஓட்டிக் கீழே கொடுப்போம். இங்கே விளக்குமாறு நான், கை சக்கரம். ஆக, இது ஓடிக்கொண்டே இருக்கிற வரையில் சுகம்.

மிதிக்காதபோதும் சக்கரத்தை உருள விடும் ஃப்ரீவீல் இதில் கிடையாது, செயின் கிடையாது. பெடலைத் தாங்கும் கிராங்க், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலேயே நேராக மாட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 1.9 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் மணிக்கு 9 கிலோமீட்டர்தான். அந்தக் காலத்துப் பெரிய முன்சக்கர சைக்கிளை ஆள் உயரத்துக்குச் செய்ததும் இதே கணக்கில்தான். செயின் இல்லாதபோது வேகம் வேண்டுமானால் சக்கரத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். பிரேக் போட்டால் அதில் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அப்படி ஒற்றைச் சக்கரத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததிலிருந்துதான் என் வண்டியின் வம்சம் தொடங்கியது என்று சொல்வதுண்டு. இங்கிலாந்துப் பையன் எட் பிராட் 2015-லிருந்து 2018 வரை 36 அங்குலச் சக்கரத்தில் உலகத்தையே சுற்றிவிட்டு வந்தார். என் சாதனை முத்தியால்பேட்டையிலிருந்து பாரதி பூங்கா.

இனி என் முதல் நஷ்டம். சாமான் பெட்டியில் பிரித்துப் பிரித்து வந்தது. பக்கத்து சைக்கிள் கடையில் கொடுத்து மாட்டச் சொன்னேன். பார்த்தால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறதல்லவா, சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இடது கிராங்கில் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். முன்னோக்கி மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இடது கிராங்க் வலது பக்கம் வந்துவிட்டால் ஒவ்வொரு மிதியும் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும். மூன்றாவது வாரம் மிஷன் வீதியில் பெடல் காலோடு வந்துவிட்டது. கிராங்க் அலுமினியம் என்பதால் உள்மரை மழமழவென்று தேய்ந்துபோயிருந்தது. வேறொரு கடையில் வயதான மெக்கானிக் ஒருவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "மரை கழண்டுபோச்சு தம்பி" என்றார். வண்டியைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று பக்கத்திலிருந்த என் மனைவி கேட்டாள். கிராங்கில் பொடியாக இடது, வலது எழுத்து அடித்திருக்கும். வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

அந்த மெக்கானிக்கோடு பேசும்போதுதான், சக்கரத்துக்கு மேலே உட்காராமல் உள்ளேயே உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளைப் பற்றி என் போனில் காட்டினேன். 1869-லேயே மார்செய் ஊரைச் சேர்ந்த ரூசோ என்பவர் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். எல்லாவற்றிலும் தடபுடலானது 1930-களில் டாக்டர் பர்வெஸ் இங்கிலாந்தில் செய்த டைனஸ்பியர். 10 அடி உயரம், ஏறக்குறைய 450 கிலோ, கம்பிச் சட்டங்களால் கூண்டுபோல் கட்டிய சக்கரம். டிரைவர் அந்தச் சட்டங்களின் இடுக்கு வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். 1932-இல் பிரீன் கடற்கரை மணலில் அதை ஓட்டிக் காட்டினார்கள். மணிக்கு 30 மைல் வரை போனது.

போனதெல்லாம் சரி. பிரேக் போட்டால்? சீட் சக்கரத்தின் அடிவயிற்றில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு உள்ளே தொங்கும் டிரைவர், எஞ்சின் எடையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ரொம்ப அழுத்திப் பிடித்தால் சக்கரம் நிற்காமல் டிரைவரையும் சேர்த்துச் சுழற்றிக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் அதே கதி, அணில் கூண்டு மாதிரி. பெரிய எஞ்சின் வைத்தாலும் தீராத குறை இது. அமெரிக்காவில் கெர்ரி மெக்லீன் 2001-இல் மணிக்கு 57 மைல் ஓட்டினார். 2019-இல் இங்கிலாந்தின் எல்விங்டன் ஓடுதளத்தில் இன்னொரு குழு 117 கிலோமீட்டரைத் தொட்டது. இரண்டுமே நேர்கோட்டில், எதிரே ஆளில்லாத இடத்தில். நேரு வீதியில் எடுத்துவர முடியுமா?

மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வில்லியனூர் தேர்ல முட்டுக்கட்டை போடறவங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க" என்றார். இழுப்பதற்கு ஊரே வரும். சக்கரத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் கட்டையைச் சரியான கோணத்தில் வைத்துத் திருப்பவும் நிறுத்தவும் நாலைந்து பேருக்குத்தான் கை வரும். சூரியனுக்கும் ஒற்றைச் சக்கரத் தேர்தானே என்று நான் சொன்னேன். "அவருக்கு நிறுத்தற வேலையே இல்லையே" என்றார்.

நண்பர் ஒருவர் மின்சார ஒற்றைச் சக்கரம் வாங்கி, பயந்துபோய் என்னிடம் ஆறு மாதம் விட்டுவைத்திருந்தார். இந்த வகையை 2011 வாக்கில் சோலோவீல் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தவர் ஷேன் சென். உள்ளே இருக்கும் சென்சார்கள் நாம் எவ்வளவு சாய்கிறோம் என்று பார்த்து, மோட்டார் சக்கரத்தை நமக்குக் கீழே கொண்டுவந்து கொடுக்கும். விளக்குமாறு வேலையை மோட்டாரே செய்கிறது. பழக இரண்டு நாள் போதும். நிறுத்துவதும் எளிது, பின்னால் சாய்ந்தால் போதும். ஆனால் நம்மைத் தாங்கிப் பிடிக்க மோட்டாருக்கு எப்போதும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும். பேட்டரி இறங்கிய நேரத்தில் வேகமாக முன்னால் சாய்ந்தால் மிச்சம் தீர்ந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் ஏழு தையல். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் 24 அங்குலத்தில் நின்ற இடத்திலேயே நிற்க அரைச்சுற்று முன்னே, அரைச்சுற்று பின்னே மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னலில் செய்தால் பக்கத்து ஆட்டோவுக்கு ஓசிச் சர்க்கஸ். இதைக் கற்க எட்டு மாதம் ஆனது. நான் எப்போதும் இடது காலைக் கீழே வைத்தே ஆடுவதால், டயரில் தரையைத் தொடும் அந்த ஒரே இடம் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வழுக்கையாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் புதுசுபோல் பட்டன் நிற்கிறது. இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை காற்றை இறக்கி, டயரை ரிம்மில் கால் சுற்றுத் தள்ளிப் போடுகிறேன்.

உப்புக் காற்றில் ஸ்போக்ஸ் கம்பி இரண்டே வருடத்தில் துருப்பிடித்தது. ஸ்டெயின்லெஸ் மாற்றி, பெண்டு எடுத்து வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கீழ்வீட்டில் இருந்த வண்டி ஹப் வரை தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தது. இரண்டு பேரிங்கும் போயின. நல்லவேளையாக சாதாரண அளவுதான், மோட்டார் ரீவைண்டிங் கடையிலேயே கிடைத்தது. சீட் மட்டும் ஐந்து வருடமாக அதே கொடுமை. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, ஆண்களுக்கு அதுவே பெரும்பாடு.

வாங்குவதாக இருந்தால் பெரியவர்கள் 20 அங்குலத்தில் தொடங்குங்கள். நான் செய்த தப்பு 24. முழங்காலுக்குக் கீழே பேடு கட்டாமல் ஏறாதீர்கள். பெடல் பல் பதிந்த தழும்பு என் கெண்டைக்காலில் வரிசையாக இருக்கிறது.

போன மாதம் அதே காந்தி சிலை, அதே நேரம். போலீஸ்காரர் வேறு ஆள். கை காட்டினார். அவருக்கு முன்னால் இரண்டடியில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே "சொல்லுங்க சார்" என்றேன். சீட்டை ஒரு பார்வை, சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"முதல்ல கீழ எறங்குங்க சார். பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது."