அழுத்தினால் நிற்கும் பாலிஷ் மெஷினா, நிற்காத மெஷினா?

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பானெட்டில் சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். தினமும் காய்ந்த துணியால் தூசி தட்டிய புண்ணியம். போன வருடம் ஒரு கடையில் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுக் கொடுத்தார்கள். மாலையில் பளபளவென்று இருந்தது. ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் பார்த்தால் வலை இல்லை. அந்த இடத்தில் நீளநீளமாக நிழல் கோடுகள். நான் நகர்ந்தால் அவையும் கூடவே நகர்ந்தன. ரோட்டரி பாலிஷ் மெஷின் விட்டுப்போகும் இந்தத் தடத்துக்கு ஹாலோகிராம் என்று பெயர். நாமே ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

ரோட்டரியைக் குறை சொல்வதற்கில்லை. பெயின்ட்டைத் தேய்க்கும் மெத்தையான பேட் ஒரே அச்சில், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை சுழலும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஆழமான கீறலை வேகமாகச் சமன் செய்யும், விலையும் குறைவு. கை பழகியவரிடம் கொடுத்தால் கண்ணாடி மாதிரி முடித்துத் தருவார். ஆனால் சூடு ஒரே இடத்தில் ஏறும். கார் பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கதவின் விளிம்பிலும் பாடி மடிப்பிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். அங்கே ஒரு நொடி அசந்தால் அடிப்பெயின்ட் தெரிந்துவிடும். அப்புறம் பாலிஷ் உதவாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். (சிலர் ஆங்கிள் கிரைண்டரிலேயே ஃபோம் பேடை மாட்டுகிறார்கள். அது 11,000 சுற்று ஓடுகிற சாமான். வேண்டாம்.)

ஆர்பிட்டல், அதாவது டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் பேட் ஒரு சின்ன வட்டத்தில் அலைந்துகொண்டே தானும் சுழலும். அந்தச் சுழற்சிக்கு மோட்டாரோடு நேரடி இணைப்பு கிடையாது. பேரிங்கில் சும்மா தொங்குகிறது. அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். ரோட்டரி பழகியவர்கள் இதைச் ‘சவலை மெஷின்’ என்று கேலி செய்வார்கள். புதிதாக வாங்குபவனைக் காப்பாற்றுவதே அந்தச் சவலைத்தனம்தான் என்பேன். தப்பு செய்தால் மெஷின் வேலையை நிறுத்திக்கொள்கிறது, பெயின்ட்டைத் தின்பதில்லை.

அடுத்தது, பேட் எவ்வளவு அகலமாக அலைகிறது என்பது. போர்ட்டர்-கேபிள் 7424எக்ஸ்பி போன்ற பழைய மெஷின்களில் 8 மி.மீ. ரூபஸ் பிக்ஃபுட் 15, 21 என்று இரண்டிலும் வருகிறது. 21 பெரிய எஸ்யூவி பானெட்டில் ஜோராக ஓடும், வளைவில் மாட்டினால் அடிக்கடி நின்றுவிடும். 8 எங்கேயும் நுழையும், பொறுமையைச் சோதிக்கும். நம் ஊர் ஹேட்ச்பேக்கில் தட்டையான இடமே குறைவு. அதனால் 15 மி.மீ., 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டிக்கொள்ளும் தட்டு) என்று முடிவு செய்தேன். ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 மாதிரி பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும் ரகமும் உண்டு. வளைவிலும் நிற்காது, ஆனால் கையை இழுத்துக்கொண்டு ஓடும், சூடும் கூடுதல். முதல் மெஷினாக அதை வாங்க வேண்டாம்.

வெட்டு, அதாவது கீறலைத் தேய்த்தெடுக்கும் திறன், போதவில்லை என்றால் மெஷினைப் பழிக்கும் முன் பேடை மாற்றிப் பாருங்கள். ஃபோமில் நான்கு முறை ஓட்டியும் போகாத கீறல், அதே காம்பவுண்டோடு (கொரகொரப்பான பாலிஷ் பசை) மைக்ரோஃபைபர் பேடில் ஒரே சுற்றில் போனது.

ஓட்டும்போது ஒரு சின்ன வேலை. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. கோடு நின்றால் கையைத் தளர்த்துங்கள், அல்லது பேடைச் சாய்க்காமல் பிடியுங்கள். காரைக் கழுவி, ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எடுக்கக் களிமண் பார் தேய்த்து, நிழலில் தகடு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பட்டாணி அளவில் நான்கு சொட்டு பாலிஷ், இரண்டடிக்கு இரண்டடி இடம், குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை, நிதானமாக. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைத் துலக்குங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்து நம்மை ஏமாற்றும். அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்த மாலை எனக்குத் தெரிந்த பளபளப்பில் பாதி அந்த எண்ணெய்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, முதுகும் பிடித்துக்கொண்டது. ஹாலோகிராம் போய்விட்டது. டிரைவர் பக்கக் கதவில் யாரோ சாவியால் இழுத்த கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. நகத்தால் தடவினால் மாட்டுகிறது. அவ்வளவு ஆழத்துக்கு கிளியர் கோட்டைத் தேய்க்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.