சென்னை ஏர்போர்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: ‘2 கி.மீ.’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்

விடியற்காலை விமானத்துக்காக முந்தின நாள் ராத்திரியே சென்னைக்கு வந்து, மீனம்பாக்கம் பக்கம் மலிவாக ஒரு ரூம் எடுத்துத் தங்கலாம் என்று இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். போன மாதம் நானும் அம்மாவும் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது.

டெல்லியில் இருக்கும் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. அம்மாவை அங்கே கொண்டுபோய் விடவேண்டும். கிடைத்த டிக்கெட் காலை 5:45 விமானத்துக்கு. நாங்கள் கும்பகோணம். தெற்கேயிருந்து வரும் பஸ்ஸெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ராத்திரி அங்கே இறங்கி, ஏர்போர்ட் பக்கத்தில் நாலைந்து மணி நேரம் அம்மா காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றுதான் ஆப்பில் தேடினேன். 1,350 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் வந்தது. ஏசி, லிஃப்ட், 24 மணி நேர ரிசப்ஷன், ஏர்போர்ட் டிராப் இலவசம், ஏர்போர்ட்டிலிருந்து 2.1 கி.மீ. என்று வரிசையாகப் போட்டிருந்தது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். லிஃப்ட் இருக்கிறது என்பதற்காகவே அதை எடுத்தேன். போன் போட்டும் கேட்டேன். “எல்லாம் இருக்கு மேடம், தைரியமா வாங்க” என்றார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டியாயிற்று.

கிளாம்பாக்கத்திலிருந்து டாக்ஸியில் ஜிஎஸ்டி ரோட்டிலேயே (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) வந்துகொண்டிருந்தோம். பல்லாவரம் தாண்டினால் திரிசூலம், அப்புறம் ஏர்போர்ட். ஆனால் மேப் பல்லாவரத்திலேயே இடது பக்கம் திரும்பச் சொன்னது. பம்மல் ரோட்டில் போய், அங்கிருந்தும் உள்ளே உள்ளே போய், பொழிச்சலூரில் ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது. டிரைவர் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். “இது ரன்வேக்கு அந்தாண்ட பக்கம்மா. ஃபிளைட் தலைக்கு மேல போகும், ஆனா ஏர்போர்ட் வாசலுக்குப் போகணும்னா வந்த வழியே திரும்பி பல்லாவரம் போய்த்தான் சுத்தணும்.”

இதை வெளியூர்க்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னை ஏர்போர்ட்டின் டெர்மினல்கள் எல்லாம் ஜிஎஸ்டி ரோடு பக்கம்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் 3,658 மீட்டர் நீளத்துக்குப் பெரிய ரன்வே கிடக்கிறது. பொழிச்சலூர், கவுல் பஜார், பம்மலின் ஒரு பகுதி எல்லாம் ஏர்போர்ட்டின் பின்பக்கம். அங்கிருந்து டெர்மினலுக்கு மேப்பில் கோடு இழுத்தால் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான் வரும். அந்தக் கோடு ரன்வேக்கு நடுவே போகிறது. மனிதர்கள் போகிற வழி ஆறேழு கிலோமீட்டர். ஆப்பில் காட்டுவது பெரும்பாலும் இந்த நேர்க்கோட்டுத் தூரம்தான். லாட்ஜ்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பெயரிலேயே ‘ஏர்போர்ட்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

உள்ளே போனால் ரிசப்ஷனில் ஒரு பையன். புக்கிங்கைப் பார்த்துவிட்டு, “இது நான்-ஏசி ரேட் மேடம், ஏசி வேணும்னா 400 கட்டணும்” என்றான். ஏசி என்று எழுதியிருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். “அது ஆப்காரங்க போட்டது, எங்களுக்குத் தெரியாது” என்றான். ஜிஎஸ்டி வரி 18 சதவீதம் தனி என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தான். அதில் லாட்ஜின் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். எனக்கு ஆப் அனுப்பிய ரசீதில் அந்த வரியும் சேர்த்தே வாங்கியிருந்தார்கள். அதையும் காட்டினேன். ஓனருக்குப் போன் போட்டான். அவர் என்னிடம் பேசவே மறுத்துவிட்டார். ராத்திரி பதினொன்றரை ஆகியிருந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “கொடுத்துத் தொலைடி, இந்நேரத்துல எங்க போறது” என்கிறாள். வரி என்று கேட்டதைக் கொடுக்கவில்லை. ஏசிக்கு 400 கொடுத்தேன், ஜிபேயில். கையில் பணமாகக் கேட்டான், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பின்னால் புகார் கொடுக்க அந்த ஒரு பதிவுதான் உதவியது.

ஆதார் கார்டை வாங்கி அவனுடைய சொந்த செல்லில் போட்டோ எடுக்கப் போனான். அதைத் தடுத்தேன். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் பிரதியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த கட்டில் சட்டங்கள், காலித் தண்ணீர் கேன்கள், சுருட்டி வைத்த பழைய மெத்தை. அது ஓடி எத்தனை மாதம் ஆயிற்றோ. எங்களுக்குக் கொடுத்தது மூன்றாவது மாடி. கீழே அறை இல்லையா என்றால் ஃபுல் என்றான். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லிஃப்ட் இருக்கிறது என்று போனில் சொன்ன அந்த ஆளை அந்த நேரத்தில் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்வை ஈரவாடை அடித்தது. தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் பட்ஜெட் லாட்ஜில் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது விடியற்காலையில் நடந்தது.

மூன்றேகாலுக்கு இறங்கி வந்தோம். மாடிப்படி முடிகிற இடத்தில் இரும்பு கிரில் கேட். ராத்திரி ஏறும்போது திறந்து கிடந்தது, இப்போது பூட்டியிருந்தது. பூட்டு எங்களுக்கு எட்டாமல் வெளிப்பக்கம் தொங்கியது. ரிசப்ஷனில் ஆள் இல்லை. லாட்ஜ் நம்பருக்குப் போன் போட்டேன். எதிரே, கிரிலுக்கு அந்தப் பக்கம் ரிசப்ஷன் மேஜை மேலேயே அந்த செல் வெளிச்சம் போட்டு அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எடுக்க ஆள் இல்லை. முதல் மாடியில் குவைத் போகிற ஒரு தம்பி இருந்தார். அவரும் பெட்டியோடு இறங்கி வந்து கிரிலை உலுக்கினார். கத்தினோம். மற்ற அறைகளில் விளக்கு எரிந்ததே தவிர யாரிடமும் சாவி இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பையன் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பைக் திருடு போகுதாம், அதனால் பூட்டச் சொல்லியிருக்கிறார்களாம்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டடத்தில் வெளியே போக ஒரே மாடிப்படிதான். அதன் அடியில்தான் மீட்டர் போர்டு. ராத்திரி அங்கே ஒரு தீப்பொறி விழுந்திருந்தால் மூன்று மாடியில் படுத்திருந்தவர்களின் கதி என்ன? நாற்பது வயதான எனக்கே அந்த கிரிலுக்குள் நிற்கும்போது கால் நடுங்கியது. காசு போனதை மறந்துவிடலாம். ஆளை உள்ளே வைத்துப் பூட்டுவதை என்னால் மன்னிக்க முடியாது. ‘24 மணி நேர ரிசப்ஷன்’ என்று விளம்பரம் போட்டுக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

இலவச டிராப்? “வண்டி ஆறு மணிக்கு மேலதான் மேடம். இப்பவே வேணும்னா 700 ஆகும், டிரைவரை எழுப்பணும்.” ஏர்போர்ட்டுக்கென்றே நடத்தும் லாட்ஜில் ஆறு மணிக்கு மேல் டிராப் யாருக்கு வேண்டும்? உள்நாட்டு விமானங்களுக்கு லக்கேஜ் போடும் கவுன்ட்டரைப் புறப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு முன்னால் மூடிவிடுகிறார்கள். எங்களுக்கு அது 4:45. மெட்ரோவின் முதல் வண்டியே 5 மணிக்குத்தான். கேப் ஆப்பில் ஒருவர் ஏற்றுக்கொண்டு, “எங்க போகணும், கேஷா ஆன்லைனா” என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார். இன்னொருவரும் அப்படியே. உள்தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது லாட்ஜ்காரர்களுக்குத் தெரியும், 700 கேட்கும் தைரியம் அதிலிருந்துதான் வருகிறது.

குவைத் தம்பிதான் அம்மாவின் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை வந்தார். அங்கே சவாரி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஆட்டோ அண்ணன் அம்மா நடந்துவருவதைப் பார்த்துத் தானாகவே நிறுத்தினார். எந்த டெர்மினல் என்று மட்டும் கேட்டார். எங்களை இறக்கிவிட்டு அந்தத் தம்பியை டி2-வில் விட்டார். கவுன்ட்டர் மூடச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்கள் பெட்டி பெல்ட்டில் ஏறியது. அந்த அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்கட்டும்.

இனி, ரூம் போடப் போகிறவர்களுக்கு. லாட்ஜின் பெயரை கூகுள் மேப்பில் போட்டு, அங்கிருந்து டெர்மினல் வாசலுக்கு கார் வழி எவ்வளவு என்று பாருங்கள். ஆப் சொல்லும் தூரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். டிக்கெட்டில் டி1 என்றிருக்கிறதா, டி4 என்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், உள்நாட்டு விமானங்கள் இரண்டிலிருந்தும் போகின்றன. முடிந்தவரை ஜிஎஸ்டி ரோட்டிலேயோ, அதிலிருந்து நடக்கிற தூரத்திலேயோ இருக்கும் இடமாக எடுங்கள். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் பக்கம் முந்நூறு நானூறு கூட ஆனாலும் பரவாயில்லை, அந்தப் பணம் விடியற்காலை ஆட்டோவிலேயே திரும்பி வந்துவிடும். மெயின் ரோட்டில் எந்த நேரமும் வண்டி ஓடுகிறது.

போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள்: லிஃப்ட் இன்றைக்கு ஓடுகிறதா, ராத்திரி கேட் பூட்டுவீர்களா, மூன்று மணிக்குத் திறக்க ஆள் உண்டா, டிராப் எத்தனை மணியிலிருந்து, காசா இலவசமா. எழுத்தில் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். ரிவ்யூ படிக்கும்போது ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள், லாட்ஜ் போட்ட படங்களை விட்டுவிட்டுத் தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் பையை இறக்குவதற்கு முன்னால் மாடிப்படியையும் கேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் எழும்பூரில் ரயில்வே ஓய்வறை கிடைக்கிறதா என்று பாருங்கள், பிஎன்ஆர் இருந்தால் ஐஆர்சிடிசி தளத்திலேயே பதிவு செய்யலாம். தூரம் அதிகம்தான், ஆனால் வாசலில் எந்நேரமும் வண்டி கிடைக்கும்.

புகார் விஷயம். டெல்லி போனதும் ஆப் கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ள 300 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். ஒன்றைச் சொல்லி விற்று வேறொன்றைக் கொடுப்பது, கடைசி நேரத்தில் விலையைக் கூட்டுவது இரண்டும், 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (ஆன்லைனில் வாங்குகிறவர்களை ஏமாற்றும் உத்திகள்) விதிமுறைகளில் தடை செய்யப்பட்டவை. அந்தத் தேதியைப் புகாரில் குறிப்பிட்டேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டு, ஜிபே பதிவு, குப்பை அடைத்த லிஃப்ட்டின் படம், பூட்டிய கிரிலின் படம் எல்லாம் இணைத்தேன். கூப்பன் பேச்சு நின்று, வாடகை முழுவதும் என் பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்தது. லாட்ஜில் தனியாக வாங்கிய 400 இன்னும் வரவில்லை. அதைவிட, அந்த கிரில் கேட்டைப் பற்றித் தீயணைப்புத் துறைக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். அதற்குப் பதில் வரும்வரை விடுவதாக இல்லை.

அந்தப் பக்கம் தங்கி இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால், நடந்து இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால் இப்போதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ரசீதையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.