மண்ணிறப் பம்புடன் நாலு வருடம்

எனக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. வீடு மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில், வயல் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். பெரும்போக வெட்டுக்கு மெசின் வட்டைக்குள் இறங்கினால் அந்தச் சுணைத் தூசி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். சேட்டுப் பையில் நீலப் பம்ப், அதாவது முட்டு வந்தால் வாயில் அடிக்கும் இன்ஹேலர், கிடந்தால் போதும் என்றுதான் இருந்தேன். இரண்டு தரம் அடித்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு திறந்துவிடும், வேறென்ன வேண்டும்?

நாலு வருடத்துக்கு முன் கிளினிக்கில் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொய்ட் பம்ப் தந்தார்கள். மண்ணிறம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. முட்டு இல்லாத நாளிலும் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் அது அலுமாரிக்குள் போய்விட்டது. அந்த மாசியில் ஒரு இரவு நீலமும் கேட்காமல் வாட்டில் ஒட்சிசனோடு கிடந்தேன்.

"தம்பி, நீலம் சுருங்கின குழாயை விரிக்கும், அவ்வளவுதான். உள் வீக்கத்தை வத்த வைக்கிறது மற்றதுதான். அதுக்குக் கிழமைக்கணக்கு வேணும்" என்றார் அங்கிருந்த தாதி மிஸ்ஸி.

ஸ்டீரொய்ட் என்றதும் அம்மாவுக்குப் பயம், உடம்பு ஊதிவிடுமாம். என் பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். முட்டுக்குத் தரும் ஸ்டீரொய்ட் குளிசையான பிரெட்னிசலோன் ஒன்று 5 மில்லிகிராம். எடையில் பார்த்தால் குளிசை ஒரு அடியைப் போல் ஐம்பது மடங்கு. அதோடு பம்ப் மருந்து நேரே நுரையீரலில் வேலை செய்யும், உடம்பு முழுக்கப் போவது கொஞ்சம்தான். அம்மா இன்னும் முழுக்க நம்பவில்லை, அது வேறு கதை.

எனக்கு வந்த தொல்லை வாயில். இரண்டாம் வருடம் நாக்கில் தயிர் பூசியதுபோல் வெள்ளை, குரலும் கம்மிவிட்டது. பூஞ்சணம். இரவில் அடித்துவிட்டு அப்படியே படுத்ததன் பலன். இப்போது ஸ்பேசர், அதாவது பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை, வைத்துத்தான் அடிக்கிறேன். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு கொப்பளித்துத் துப்புகிறேன், விழுங்குவதில்லை. ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். மனுசி ஒருநாள் சீலையால் பளபளவென்று துடைத்து வைத்தா. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின் ஏறி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

இன்னொன்று: என் டப்பாவில் 200 அடி. நாளுக்கு நாலு என்றால் ஐம்பது நாள். அதற்குப் பிறகும் புஸ் என்று காற்று வரும், மருந்து சரியாக வராது. குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. அதனால் புதிதாகத் திறக்கும் அன்றே முடியும் திகதியைப் பேனையால் எழுதிவிடுவேன்.

போன அறுவடைக்கு நீலத்தை இரண்டே தரம்தான் எடுத்தேன். சரி, மண்ணிறத்தைக் குறைக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். மூன்று மாதம் இப்படியே இருந்தால் பார்ப்போம், அதுவரை அலுமாரி வேலை வேண்டாம் என்றார். பம்ப் இப்போது பல் பிரசோடு ஒரே கப்பில் நிற்கிறது.