சாக்ஸ்5, கனெக்ட், சூழல் மாறிகள்: சாக்கெட் இணைப்பை ப்ராக்ஸி வழியாகச் செலுத்தும் முறைகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு நிரல் தொலைவிலுள்ள சர்வருடன் நேரடியாக இணையாமல், இடையிலுள்ள ஒரு ப்ராக்ஸியின் வழியாக இணைய வேண்டுமானால், அதை எழுதுபவர் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ப்ராக்ஸியுடன் எந்த நெறிமுறையில் பேசுவது என்பது முதலாவது. அந்தப் பேச்சை நிரலின் எந்த அடுக்கில் வைப்பது என்பது இரண்டாவது. சேர வேண்டிய சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலையை நம் கணினி செய்வதா, ப்ராக்ஸி செய்வதா என்பது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. என் அனுபவத்தில் ரகசியம் கசிவதும், இணைப்பு காரணம் தெரியாமல் தோற்பதும் பெரும்பாலும் மூன்றாவதில்தான் நடக்கின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

நெறிமுறையிலிருந்து தொடங்குவோம். சாக்ஸ் என்பது ப்ராக்ஸியுடன் பேசுவதற்கென்றே வகுக்கப்பட்ட நெறிமுறை; அதன் பழைய பதிப்பான சாக்ஸ்4 மிக எளியது. ஒரே கோரிக்கை, ஒரே பதில். ஆனால் அதற்குப் பழைய வகை ஐபி முகவரியான ஐபிவி4 மட்டுமே தெரியும், கடவுச்சொல் சரிபார்ப்பும் கிடையாது. பெயரை அப்படியே அனுப்ப வசதி வேண்டும் என்பதற்காகப் பிறகு வந்த சாக்ஸ்4ஏ, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.1 போன்ற செல்லாத எண்ணை வைத்து, பெயரைக் கோரிக்கையின் கடைசியில் ஒட்டி அனுப்பும் உத்தியைக் கையாண்டது. இன்று புதிதாக எழுதும் நிரலில் இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான போட்டி சாக்ஸ்5-க்கும் ஹெச்டிடிபி கனெக்டுக்கும் இடையில்தான். 1996 மார்ச்சில் ஆர்எஃப்சி 1928 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான சாக்ஸ்5, பைட்டுகளில் பேசும் நெறிமுறை. முதலில் நிரல் தனக்குத் தெரிந்த சரிபார்ப்பு முறைகளைச் சொல்லும். ப்ராக்ஸி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகே சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் கோரிக்கை போகும். அந்த இடத்தை ஐபிவி4 முகவரியாகவோ, புதிய வகையான ஐபிவி6 முகவரியாகவோ, 255 பைட் வரையிலான பெயராகவோ தரலாம். கனெக்ட் என்பது வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்டிடிபி நெறிமுறையின் ஒரு கோரிக்கை வகை. சேர வேண்டிய பெயரையும் போர்ட்டையும் (சர்வரில் ஒரு சேவையைக் குறிக்கும் எண்) ஒரே வரியில் எழுதி அனுப்ப வேண்டும். 200 என்ற பதில் வந்தால் அந்த நொடியிலிருந்து அதே சாக்கெட் (நிரலின் இணைப்பு முனை) ஒரு வெறும் குழாயாகிவிடும்.

வேகத்தைக் கணக்கிட்டால் கனெக்ட் முந்துகிறது. ப்ராக்ஸியுடன் டிசிபி (தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பு ஏற்பட்ட பிறகு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதல் கோரிக்கையிலேயே சேர்த்து அனுப்பினால், ஒரே போக்குவரத்தில் (ஒரு கோரிக்கை போய் அதன் பதில் திரும்புவதில்) வேலை முடிகிறது. சாக்ஸ்5-இல் சரிபார்ப்பு இல்லாவிட்டால் இரண்டு, கடவுச்சொல் இருந்தால் மூன்று போக்குவரத்துகள் வேண்டும். ப்ராக்ஸி வேறொரு கண்டத்தில் இருந்து, நிரலும் குறுகிய இணைப்புகளை ஆயிரக்கணக்கில் திறப்பதாக இருந்தால், இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பாதுகாப்பில் இரண்டும் ஒன்றுதான்: ஆர்எஃப்சி 1929 வகுத்த சாக்ஸ்5 கடவுச்சொல்லும், கனெக்டின் பேசிக் முறைக் கடவுச்சொல்லும், ப்ராக்ஸி வரையிலான பாதை குறியாக்கம் செய்யப்படாவிட்டால், வழியில் யாரும் படிக்கக்கூடியவை.

எந்த இடத்துக்கு எதைக் கொண்டு போக முடியும் என்று பார்த்தால் சாக்ஸ்5 பரந்தது. அது போர்ட்டைப் பற்றியோ மேலே ஓடும் நெறிமுறையைப் பற்றியோ கவலைப்படுவதில்லை. ஏட்டளவில், இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் யுடிபி-க்கும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் பலரும் சாக்ஸ்5 ப்ராக்ஸியாகப் பயன்படுத்தும் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு, தொலைக் கணினியில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-இன் டைனமிக் ஃபார்வர்டிங் ஆகிய இரண்டுமே அந்த யுடிபி வசதியைத் தருவதில்லை. கனெக்ட் டிசிபி-க்கு மட்டுமே உரியது. அதோடு, ஸ்குவிட் ப்ராக்ஸியின் இயல்பான அமைப்புக் கோப்பு 443-ஆம் போர்ட்டுக்கு மட்டுமே கனெக்டை அனுமதிக்கும். மின்னஞ்சலுக்கான 587-ஐயோ தரவுத்தளத்துக்கான 5432-ஐயோ கேட்டால் 403 என்ற மறுப்புத்தான் வரும். அலுவலக நெட்வொர்க்கில் கனெக்ட் ஒன்றே திறந்திருக்கும் நிலையில், நிரலைக் குறை சொல்வதற்கு முன்பு இந்த அனுமதிப் பட்டியலைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவ்விரண்டையும் லைப்ரரி இல்லாமல் தாமே எழுத முனைவோர் ஒரே வகைப் பிழையில் விழுகிறார்கள்: படிக்க வேண்டியதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ படித்துவிடுகிறார்கள். சாக்ஸ்5-இன் கடைசிப் பதில் எப்போதும் 10 பைட் என்று எண்ணிக்கொள்வது ஒரு எடுத்துக்காட்டு. ஐபிவி4 முகவரி வந்தால் அது சரி. ஐபிவி6 வந்தால் பதில் 22 பைட்; படிக்காமல் விட்ட 12 பைட்டுகள் அடுத்து வரும் தரவின் தலையில் ஒட்டிக்கொள்ள, குறியாக்க அடுக்கான டிஎல்எஸ்-இன் தொடக்கமே குழம்பிவிடும். கனெக்டில் இதற்கு நேர்மாறான பிழை நிகழ்கிறது. பதிலை 4096 பைட் வரை ஒரே வீச்சில் படித்து, வெற்று வரிக்குப் பின் இருப்பதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். டிஎல்எஸ்-இல் முதலில் பேசுவது நாம் என்பதால் இது வெளியே தெரியாது. தொலைக் கணினியில் நுழையும் எஸ்எஸ்ஹெச்-இலும் மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி-யிலும் முதலில் பேசுவது சர்வர். அதன் வரவேற்பு வரி 200 பதிலோடு ஒட்டிக்கொண்டே வந்து, அதனோடு சேர்ந்து தொலைந்துபோக, நிரல் வராத வரிக்காகக் காத்துக் கிடக்கும். பத்து முறைக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் இந்த வகைத் தவறுதான் ஆளை அதிகம் சோர்வடையச் செய்யும். நிலைமை அனுமதித்தால் சோதிக்கப்பட்ட லைப்ரரியை நாடுவதே நல்லது என்று நான் கருதக் காரணம் இதுவே.

இனி பெயர் விஷயம். பைத்தானில் பைசாக்ஸ் லைப்ரரியைப் பலர் பயன்படுத்தும் விதம் இது: இயல்பான ப்ராக்ஸியை அமைத்துவிட்டு, சாக்கெட் மாட்யூலில் உள்ள சாக்கெட் கிளாஸை அதன் கிளாஸால் மாற்றிவிடுகிறார்கள். இரண்டே வரிகளில் நிரல் முழுவதும் ப்ராக்ஸி வழியே போகத் தொடங்குவதால் இது மிகவும் கவர்ச்சியானது. ஆனால் பைத்தானின் கிரியேட் கனெக்‌ஷன் செயற்கூறு, சாக்கெட்டை உருவாக்குவதற்கு முன்பே பெயரை நம் கணினியிலேயே ஐபி முகவரியாக மாற்றிவிடுகிறது. பைசாக்ஸின் கைக்கு வருவது வெறும் எண்தான். பெயரைத் தொலைவிலேயே மாற்று என்று அதற்கு எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அந்த வாய்ப்பு அப்போதே போய்விட்டது. தரவு ப்ராக்ஸி வழியே போகிறது. எந்தச் சர்வரைத் தேடினோம் என்ற செய்தி மட்டும் பெயரை முகவரியாக மாற்றித் தரும் உள்ளூர் டிஎன்எஸ் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. ப்ராக்ஸிக்குப் பின்னாலுள்ள உள்வலைப் பெயராக இருந்தாலோ, இணைப்பே கிடைக்காது. இதற்கு மாறாக, பைசாக்ஸே தரும் கிரியேட் கனெக்‌ஷனை ஒவ்வொரு இணைப்புக்கும் வெளிப்படையாக அழைத்தால், பெயர் அப்படியே ப்ராக்ஸிக்குப் போகிறது. சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டியிருந்தாலும் நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

ப்ராக்ஸியின் முகவரியை எழுதும்போது (socks5:// என்பது போல) தொடக்கத்தில் வரும் முன்னொட்டிலும் இதே கண்ணி இருக்கிறது. கர்ல் கருவி, பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி ஆகியவற்றில் சாக்ஸ்5 என்று தொடங்கினால் பெயரை மாற்றுவது நம் கணினி. சாக்ஸ்5ஹெச் என்று தொடங்கினால் ப்ராக்ஸி. கோ மொழியின் ஹெச்டிடிபி லைப்ரரியிலோ, வெறும் சாக்ஸ்5 என்றாலே பெயர் ப்ராக்ஸிக்குப் போகிறது. ஒரே அமைப்பு வரியை இரண்டு மொழிகளில் எழுதிய சேவைகளுக்கு நகலெடுத்தால், நடத்தை இரண்டு விதமாக அமையும்.

ஜாவாவை இங்கே தனியே பாராட்ட வேண்டும். ஜாவா 5 முதல் ப்ராக்ஸி என்ற கிளாஸைச் சாக்கெட்டுக்கே தந்துவிடலாம். ஜாவா 8 முதல் அந்த ப்ராக்ஸி ஹெச்டிடிபி வகையாகவும் இருக்கலாம். இணைய வேண்டிய முகவரியை வழக்கமான முறையில் உருவாக்கினால் பெயர் உடனே மாற்றப்பட்டுவிடும். கிரியேட் அன்ரிசால்வ்ட் என்ற முறையில் உருவாக்கினால், பெயர் பெயராகவே நிற்கும். ப்ராக்ஸியை அமைக்க மறந்து அப்படிப்பட்ட முகவரியோடு நேரே இணைய முயன்றால், ஜாவா மறுத்துப் பிழை எழுப்பும். மறதி கசிவாக மாறாமல் பிழையாக வெளிப்படும் இந்தத் தன்மையை மற்ற வழிகளில் நான் அவ்வளவாகக் காணவில்லை.

நிரலைத் தொடாமல் வெளியிலிருந்தே திசைதிருப்பும் வழிகளும் உண்டு. ஹெச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி, ஆல் ப்ராக்ஸி போன்ற சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைப்பு மதிப்புகள்) வெறும் மரபு. அவற்றைப் படிக்கும் லைப்ரரி மதிக்கும், நேரடியாகத் திறக்கும் சாக்கெட் மதிக்காது. ப்ராக்ஸிசெயின்ஸ்-என்ஜி என்ற கருவி, ஒரு லைப்ரரியை நிரலுக்குள் முன்கூட்டியே ஏற்றும் லினக்ஸின் எல்டி ப்ரீலோட் வசதியால் சி லைப்ரரியின் கனெக்ட் அழைப்பையும் பெயர் தேடும் அழைப்பையும் இடைமறிக்கிறது. மூல நிரல் கையில் இல்லாத பழைய கருவிக்கு இது அருமருந்து. ஆனால் லினக்ஸில் கோ நிரல்கள் சி லைப்ரரியைத் தவிர்த்து இயங்குதளத்தின் மையமான கர்னலை நேரே அழைப்பதாலும், லைப்ரரியைத் தம்முள்ளேயே கொண்டு ஸ்டாட்டிக்காக இணைக்கப்பட்ட நிரல்களில் இடைமறிக்க எதுவும் இல்லாததாலும், அவை எந்த எச்சரிக்கையும் இன்றி நேரடியாக வெளியே போய்விடும். தனியுரிமை உயிருக்கு ஈடான இடத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. ப்ராக்ஸியைத் தவிர வேறெங்கும் அந்த நிரல் போக முடியாதபடி ஃபயர்வால் விதியும் உடன் வேண்டும்.

ஆகவே என் தேர்வு இவ்வாறு அமைகிறது. ப்ராக்ஸியைத் தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இருந்தால் சாக்ஸ்5, ஒவ்வொரு இணைப்புக்கும் வெளிப்படையாக, பெயரை ப்ராக்ஸியே மாற்றும்படி. அலுவலகம் கனெக்டை மட்டும் தந்தால் கனெக்ட். எதுவானாலும் டிஎல்எஸ் அடுக்கைப் போர்த்தும்போது ப்ராக்ஸியின் பெயரைத் தராமல் சேர வேண்டிய சர்வரின் பெயரையே தர வேண்டும். இல்லையேல் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்கும். அந்தத் தோல்வியைக் கண்டு சரிபார்ப்பையே அணைத்துவிடுவோரையும் பார்த்திருக்கிறேன். முடித்த பிறகு, நிரல் ஓடும்போது நெட்வொர்க் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில், டிஎன்எஸ்-க்கான 53-ஆம் போர்ட்டைக் கவனியுங்கள். நிரல் தேடும் பெயர் ஒரு முறையேனும் அங்கே தென்பட்டால், எங்கோ ஓர் அழைப்பு இன்னும் உள்ளூரிலேயே பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறது.